பாத்டப்புக்கு ஒரு பாரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கழுத்தில் ஊசி குத்துவதாக ஏற்பாடு. ஆகவே அன்று எழுந்ததும் எழாததுமாக, எங்கள் வீட்டு பாத்டப்பின் விளிம்பில் சந்தை அடைத்திருந்த சிலிகான் பசை பிய்ந்துபோன இடங்களையெல்லாம் அடைத்தே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

இதற்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்பவர் ஒன்று கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி என்றால் பயப்படாதவராக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை.

இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. வலியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். கண்டுபிடித்தவள் என் மனைவி.

"இது என்னங்க?"

"கழுத்து."

"கழுத்துல என்ன?"

"தலை."

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாக என் கடிக்கு அவள் சிரிக்க மாட்டாள்தான். ஆனால் முகத்தையாவது சுளிப்பாள். அன்று அதுவும் செய்யவில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நல்ல மனுஷன். அமுக்கிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார். "ஊசி வச்சுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம். நூத்துக்குத் தொண்ணூறு ஒண்ணும் இருக்காது" என்றார். தொண்ணூறை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மிச்சம் பத்தை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அன்றிலிருந்து ஊசிக்கு டிமிக்கி கொடுப்பதே என் முழுநேர வேலை. முதல் தடவை, மேனேஜருக்கு வழியனுப்பு விழா என்றேன். அவர் எங்கேயும் போகவில்லை, இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் தடவை, பல்வலி என்றேன். இதைவிட மடத்தனமான பொய்யை உலகத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் என் மனைவி வேலை பார்ப்பது பல் டாக்டரிடம். அன்றைக்கே கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்துவிட்டாள். வலி எந்தப் பல்லில் என்று காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் ஏதோ ஒன்றைக் காட்டினேன். நல்ல பல். போயே போய்விட்டது.

வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களைப் பேசவிடாமல் வைத்திருப்பது அவள் உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

நானோ ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரன். "நாளைக்கு என்ன நடக்கும்னு யார் சார் கண்டா?" என்று ஊரையெல்லாம் பயமுறுத்திப் பாலிசி எடுக்க வைப்பது என் பிழைப்பு. இருபது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அது என் பக்கம் திரும்பி நின்றபோதுதான், எவ்வளவு கெட்ட கேள்வி என்று புரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கு இல்லையடி கண்ணே.

இந்தச் சமயத்தில்தான் கடவுள் கீழ்வீட்டு மாமாவை மாடிக்கு அனுப்பினார். மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். தலை சுத்தமான சொட்டை.

"தம்பி, உங்க பாத்ரூம்லருந்து தண்ணி எறங்குது. நேத்து நான் ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கேன், நடுமண்டையில சொட்டு சொட்டுன்னு விழுது."

வேறு சமயமாக இருந்தால் "பில்டிங்கே பழசு மாமா" என்று அனுப்பிவைத்திருப்பேன். அன்று அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது! வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிகான் டியூப், அதைப் பிதுக்குகிற கன், பழைய சிலிகானைச் சுரண்ட ஒரு கட்டர், ஒட்டும் டேப் எல்லாம் வாங்கி, செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்னும் கையுமாக பாத்ரூமில் போய் நின்றேன்.

"என்னங்க, ஒம்பதரைக்குக் கெளம்பணும். குளிச்சாச்சா?"

"எங்க கெளம்பணும்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"இன்னைக்கு வழியே இல்லம்மா. கீழ ஒரு வயசானவர் மண்டையில தண்ணி சொட்டுது. நான் ஆஸ்பத்திரியில ஜாலியா உக்காந்திருக்கவா? மனுஷனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா?"

"எப்பலருந்து?"

"எது?"

"மனசாட்சி."

"கிண்டல் பண்ணாத. அவர் தலை காயற வரைக்கும் எனக்கு வேற வேலை கிடையாது. இதை முடிச்சுட்டுத்தான் மறுவேலை. இது சத்தியம்."

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து நான்கைந்து வசனங்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் கன்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். போய்விட்டாள். அந்த வசனங்களெல்லாம் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வேண்டுபவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

வேலையை ஆரம்பித்தேன். சுவர் டைல்ஸும் தொட்டியும் சேருகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று சிலிகான் ஓடியது. அங்கங்கே மயிரிழை மாதிரி விரிசல், அவ்வளவுதான். இதற்கா இந்தப் பாடு என்று கட்டரை உள்ளே விட்டு இழுத்தேன். பட்டையாகக் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. பூஞ்சை. பார்க்க வெள்ளையாக இருந்த இடத்திலும் உள்ளே கறுப்பு. ஒரு நாற்றம் வேறு.

கை தானாகக் காதுக்குக் கீழே போயிற்று. ஒளிப்பானேன், பயமாக இருந்தது. கட்டரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால், கதவருகில் என் மனைவி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"சுரண்டியாச்சா?" என்றாள்.

"ஆச்சு. துடைச்சுட்டு அடைக்க வேண்டியதுதான்."

"இப்படியே அடைக்கப் போறீங்களா? காலித் தொட்டியிலயா?"

"பின்ன? பாயாசம் ஊத்தி வச்சுட்டா அடைப்பாங்க?"

"போன தடவை நீங்க அடைச்சது ஏன் ஒரு மாசத்துல பிஞ்சுது?"

"சிலிகான் மட்டம்."

"ஆள் மட்டம். காலியா இருக்கறப்ப தொட்டி மேல தூக்கி நிக்கும். தண்ணி ரொம்பி, உங்களை மாதிரி ஒரு ஆளும் உள்ள எறங்கினா கீழ அமுங்கும். அமுங்கறப்ப சந்து பெருசாகும். சின்ன சந்தை அடைச்சு வச்சா, பெரிய சந்தாகறப்ப பிச்சுக்கும். தொட்டி நெறைய தண்ணி விட்டு, அமுங்கின நெலையில அடைக்கணும். காயற வரைக்கும் தண்ணியை எடுக்கக் கூடாது."

சரியாகத்தான் இருந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்ற எரிச்சலோடு குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை.

கீழேயிருந்து மாமா ஏறி வந்தார், கூப்பிட்டு வைத்த மாதிரி.

"தண்ணியா? நான்தான் வால்வை மூடினேன் தம்பி. நீங்க வேலை முடிக்கிற வரைக்கும் திறக்கறதா இல்லை. என் மண்டை என்ன நீர்த்தேக்கமா?"

"ஐயோ மாமா, தண்ணி வேணும் மாமா!"

"முடியாது. சிவப்புக்கொடி காட்டினா காட்டினதுதான்."

"அப்ப பாரமா வேற எதையாவதுதான் வைக்கணும்" என்றாள் என் மனைவி. வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்வையை ஓட்டினாள். பீரோவைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். வாஷிங் மெஷினைப் பார்த்தாள், ம்ஹூம். கடைசியில் அவள் கண் என் தொப்பையில் வந்து நின்றது.

"நானா?"

"வேற யாரு? வீட்டுல இருக்கறதுலயே பெரிய பாரம் நீங்கதான்."

கோபித்துக்கொள்ள வேண்டிய இடம். ஆனால் என் மூளை வேறு கணக்குப் போட்டது. "உள்ள படுத்தா, காயற வரைக்கும் அசையக் கூடாதா?"

"துளிகூட அசையக் கூடாது."

"எழுந்து எங்கயும் போகக் கூடாது?"

"மூச்சே மெதுவாத்தான் விடணும். சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலம்! பத்து மணி ஊசி போச்சு! அதுவும் அவள் வாயாலேயே! இவ்வளவு பெரிய வெற்றி எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்ததே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய தியாகம் செய்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். தலையணை கேட்டேன், கொடுத்தாள். தொட்டி லேசாக முனகிக்கொண்டு அமுங்கியது. விளிம்பில் சந்து விரிந்தது எனக்கே தெரிந்தது.

"தலையை வலது பக்கம் திருப்பிக்கோங்க. பாரம் அந்தப் பக்கம் விழணும்."

திருப்பிக்கொண்டேன்.

கன்னை அவளே வாங்கிக்கொண்டாள். மேலும் கீழும் டேப் ஒட்டினாள். டியூப் மூக்கைச் சாய்வாக வெட்டினாள். பிதுக்க ஆரம்பித்தாள். நான் பிதுக்கினால் புழுக்கூட்டம் மாதிரி வரும். அவள் கையில் ஒரே நூலாக, ஒரே சீராக ஓடியது. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்து, டேப்பை உரித்தால், கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. கை நடுக்கமே இல்லை.

என் தலைக்கு மேல் குனிந்து வேலை செய்தபோதுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நீ தூங்கறதில்லையா?"

"நீங்க அந்த மாதிரி குறட்டை விட்டா யார் தூங்கறது?"

அந்தக் குறட்டை நடிப்பு. பல நாளாக எனக்கும் தூக்கம் கிடையாது. அவள் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்றுதான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

வேலையை முடித்துக் கை கழுவப் போனாள். மாமா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காவலுக்கு இருக்கேன் தம்பி. நீங்க பாட்டுக்குப் படுங்க."

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?"

"எனக்கு என்ன வேலை, வெட்டி முறிக்கிற வேலையா?" என்றவர் டைல்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்டம்மாவும் இப்படித்தான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வீட்டுல ஒரு வேலையைக் கண்டுபிடிச்சிடுவா. வேலை முடியட்டும், வேலை முடியட்டும்பா. வேலை முடியவே இல்லை. அவ முடிஞ்சுட்டா."

மாமா சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமா, மணி என்ன?"

"பத்தரை."

பத்தரை! தப்பித்தேன். மாமாவுக்காக வருத்தம் ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன மனசு உள்ளே விசில் அடித்ததை மறைக்க மாட்டேன்.

அப்போது வாசல் மணி அடித்தது. என் மனைவி கதவைத் திறக்கும் சத்தம். யாரோ ஒரு பெண்மணியின் குரல். "எங்க இருக்கார்?" "உள்ளதான் டாக்டர். பாத்ரூம்ல." செருப்புச் சத்தம் நேராக என்னை நோக்கி வந்தது. வெள்ளைக் கோட்டு. கையில் ஒரு பெட்டி.

"இவங்க யாரு? தொட்டி பாக்க வந்தவங்களா?" என்று கேட்டேன், பாதிக் குரலில்.

"லேப் டாக்டரம்மா. எங்க கிளினிக்குக்கு மேல் மாடியிலதான் இவங்க லேப். உங்களால இன்னைக்கு அசைய முடியாதுன்னு சொன்னேன். நானே வந்துடறேன்னுட்டாங்க."

"எப்ப சொன்னே?"

"நேத்து ராத்திரி. செருப்பு எடுக்கப் போனேன். அலமாரிக்குப் பின்னாடி டியூப் இருந்தது."

"நான் எழுந்துருவேன்!"

"தாராளமா எழுந்துருங்க. ஈரச் சிலிகான், மொத்தமும் பிச்சுக்கும். திரும்ப நீங்கதான் சுரண்டணும். மாமா மண்டையில திரும்பவும் சொட்டும். காலையில மனசாட்சின்னு ஏதோ சொன்னீங்களே?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்க மாமா!"

மாமா எழுந்து நின்றார். கார்டு உத்தியோகத்தில் இருந்த காலத்து விறைப்பு வந்துவிட்டது. "என் தலை காயற வரைக்கும் உங்களுக்கு வேற வேலை கிடையாதுன்னு சத்தியம் பண்ணீங்களாமே தம்பி. படுங்க."

டாக்டரம்மா கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். பஞ்சால் என் கழுத்தைத் துடைத்தார். தலை ஏற்கெனவே வலது பக்கம் திரும்பியிருந்தது. இடது கழுத்து விளக்குக்கு நேராக, தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. பாரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"ரொம்ப நல்ல பேஷன்ட்" என்றார் டாக்டரம்மா. "இப்படி அசையாம யாரும் படுத்ததே இல்ல."

அசைந்தால் தொட்டி போச்சு. அசையாவிட்டால் நான் போனேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் கையை ஒரு கை வந்து பிடித்தது. ஊசி உள்ளே இறங்கியது. நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. தொட்டியைச் சுற்றிச் சிலிகான் ஓட்டியபோது ஒரு இழை பிசகாத கை.

டாக்டரம்மா போனதும் அவள் விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சோவென்று கொட்டியது. அழுவது வெளியே கேட்கக் கூடாது என்றுதான் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். அப்படியும் கேட்டது. நான் தொட்டிக்குள் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கக்கூட வழியில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொரு விஷயம் மண்டையில் ஏறியது. தண்ணீர் வருகிறது!

"மாமா, வால்வை மூடிட்டதா சொன்னீங்க?"

"பாத்ரூமுக்குப் போற வால்வை மட்டும் மூடச் சொன்னாங்க தம்பி."

"யாரு?"

மாமா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேற்கொண்டு விசாரணைக்கு இடம் கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"பாரம்தானே வேணும்? பரண்ல என் புத்தகப் பெட்டி எட்டு கிடக்கு. அதை எறக்கி வச்சிருக்கலாமே?" என்றேன்.

"வச்சிருக்கலாம். புத்தகத்துக்குக் கழுத்துல கட்டி இல்லையே."

சாயங்காலம் வரை கிடந்தேன்.

சிலிகான் கல்லு மாதிரி பிடித்துக்கொண்டது. மாமாவின் மண்டை காய்ந்துவிட்டது. அவர் வீட்டுக் கூரையில் இருந்த ஈரத்திட்டுகூட மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில்தான் ஒன்றும் காயவில்லை. டெஸ்ட் முடிவு போனில் சொல்வதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன் அடித்தால் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவள் எடுக்கட்டும் என்று நானும், நான் எடுக்கட்டும் என்று அவளும் பார்ப்போம். எடுத்தால், அடகு வைக்க நினைக்காத நகைக்கு யாரோ கடன் தருகிறேன் என்பார்கள். அந்த ஆட்களிடம்கூட என் மனைவி "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அப்படியொரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள், "சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

காபியை அப்படியே வைத்தேன். துண்டை எடுத்தேன். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி, காது முங்குகிற வரைக்கும் படுத்தேன். தண்ணீருக்குள் குழாய் இரைச்சலைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. இப்படியே இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் கழுத்து வலித்தது. தலையைத் தூக்கித்தானே ஆகவேண்டும்?

"என்னங்க." கதவுக்கு அந்தப் பக்கம் அவள்.

"குளிக்கறேன்."

"டாக்டர் பேசினாங்க."

"சொல்லாத."

"என்னங்க, ஒரு நிமிஷம்..."

"சொல்லாதன்னா சொல்லாத! நாளைக்குக் கேட்டுக்கறேன். இல்ல, ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் நிதானமா உக்காந்து பேசலாம். அது வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. என் மேல சத்தியம்!"



"சரிங்க. அதைப் பத்திச் சொல்லல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை தவணை வாங்கிவிட்டேன். அதுவும் பெரிசுதான். குழாயை மூடினேன். மூடியதும் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெரிய பையின் ஜிப் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிற சத்தம்.

"என்னம்மா பண்றே?"

"துணி எடுத்து வைக்கறேன்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"ஏன், உங்க அண்ணன் வீட்டுக்கா போறோம்?" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"உங்களுக்கு நாலு சட்டை வச்சிருக்கேன். நாலு போதும், அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "எல்லாமே முன்னாடி பட்டன் வச்சது. பனியன் மாதிரி தலை வழியா மாட்டறதெல்லாம் கொஞ்ச நாளைக்கு முடியாது. கழுத்துல கட்டு போட்டிருப்பாங்க."

தொட்டியில் எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் நாலாபக்கமும் அலையடித்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

"சொல்ல வேண்டாம்னு உன்கிட்ட சத்தியம் வாங்கினேனே!" என்று கத்தினேன்.

"நான் எங்க சொன்னேன்? சட்டையைப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கேன்."